சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பெயர்

தாராவியில் தோல் கம்பெனிச் சுவரை ஒட்டிய வரிசையில் சேசம்மாளின் காப்பிக் கடை இருந்தது; வீடும் அதுதான். சேசம்மாளுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நாக்குக்கு மட்டும் வயதே ஆகவில்லை. விடிகாலையில் இட்லிக்கு வருகிற கம்பெனி ஆட்கள் அவளுடைய ஏச்சையும் சட்னியோடு சேர்த்தே தின்றுவிட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்டவள் 1963 டிசம்பரில் ஒரு நாள் காலை வாயடைத்து நின்றாள்.

எதிரே நின்றவர் திருவேங்கடம். மாட்டுங்காவாசி, கம்பெனியைப் புதிதாக வாங்கிய சேட்டிடம் குமாஸ்தா. 1945-க்கு முன்னாலேயே கம்பெனி இடத்தில் குடிவந்தவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்பது சேட்டின் உத்தரவு. சேசம்மாள் வந்தது முப்பத்தொன்பதில். ஆனால் அதைச் சொல்லுகிற தாளெல்லாம் போன மழையில் ஊறிக் கூழாகிவிட்டது.

“நான் என்னம்மா பண்றது? கண்ணால பாக்கறாப்பல ஏதாவது காமிங்கோ, எழுதிக்கறேன்” என்றார் திருவேங்கடம். கெட்ட மனிதர் இல்லை. கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டால் நல்ல மனிதர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

சேசம்மாள் தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே வெள்ளையாய் நின்ற சுவரைக் கையால் காட்டினாள்.

“போர்டு இருக்கு சார். வருஷம் போட்டு எழுதுன போர்டு. சுண்ணாம்புக்கு அடியில கெடக்கு.”

அவள் புருஷன் மரியசூசை துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கடை போட்ட வருஷமே அந்தக் கப்பல் பெயிண்டைக் கொண்டுவந்தான். எப்படி என்று கேட்கக் கூடாது. கூட வேலை பார்த்த மேலப்பாளையத்துக் கலீலுல்லாவை விட்டுச் சுவரில் கடைப் பெயரை எழுதவைத்தான். இரண்டே வருஷத்தில் விஷக் காய்ச்சல் மரியசூசையைக் கொண்டுபோயிற்று. சேசம்மாளுக்கு எழுத்துத் தெரியாது; என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டதும் இல்லை. ஆனால் சுவரில் இருப்பது அவன் பெயர் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த வரிசையில் ஆண்பிள்ளை பெயர் இல்லாத கடை எது? போனவன் பெயர் தலைக்கு மேலே நிற்க, கீழே நின்று பால் காய்ச்ச அவளால் முடியவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது தன் கையாலேயே அதை மூடினாள். பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மற்ற இடத்தைச் சுரண்டிவிட்டு அடிப்பாள். அந்த இடத்தை மட்டும் சுரண்டாமல், பூச்சின் மேலேயே பூசுவாள்.

“என்ன பேர் எழுதியிருக்கு?” என்று கேட்டார் திருவேங்கடம்.

“அவுக பேருதான்.”

“அதான் என்ன?”

“கட்டுனவுக பேரை நான் எப்படி சார் வாயால சொல்ல?”

பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு உதவிக்கு வந்தாள். “மரியசூசைன்னு எழுதிக்கிடுங்க சார்.”

“எழுத்தைப் பாத்துட்டு எழுதறேன். இத்தனை பூச்சு பெயந்து வந்தா, எழுத்தும் கூடவே வந்துடுமேம்மா?”

அந்தப் பயம் சேசம்மாளுக்கும் இருந்தது. வீடும் போய், அவன் பெயரும் போனால்? ஆனாலும் தோசை திருப்பியை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினாள். சண்முகவடிவு குழாயடியில் அரைநாள் நின்று பிடித்த குடம் தண்ணீரை யோசிக்காமல் சுவரில் கொட்டினாள்.

முதலில் மாவாய் உதிர்ந்தது. திருப்பியை ஓரத்தில் நுழைத்து நெம்பினாள். அப்பளம் அப்பளமாய்ச் சுண்ணாம்பு கழன்று விழுந்தது. எண்ணெய்ப் பெயிண்டில் சுண்ணாம்பு பிடிப்பதே இல்லை. இத்தனை வருஷமும் சும்மா மேலே போர்த்திக்கொண்டு நின்றிருக்கிறது.

உள்ளே சிவப்பு தெரிந்தது. தாராவியில் அப்படியொரு சிவப்பை யாரும் பார்த்ததில்லை. சுற்றிப் பச்சை, எழுத்தின் ஓரத்தில் மஞ்சள் கோடு. வெயில் படாமல், புகை படாமல், நேற்று எழுதினதுபோல் இருந்தது. வரைந்த ஒரு பித்தளை டம்ளரும் அதிலிருந்து எழும் ஆவியும் வெளியே வந்தன. பெயிண்டில் ஒட்டிய பிரஷ் மயிர்கூட ஒன்று அப்படியே இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சேசம்மாளுக்கு இவ்வளவு அழகையா மூடிவைத்தோம் என்று இருந்தது.

திருவேங்கடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். “சேசம்மாள் காப்பி கிளப். உரிமையாளர், சேசம்மாள். 1939.”

“நல்லாப் பாத்து வாசிங்க சார். அவுக பேரு இருக்கும்.”

“இல்லம்மா. ரெண்டு இடத்துலயும் உங்க பேர்தான்.”

முப்பது வருஷமாகத் தோல் ஊறப்போடுகிற சுயம்பு கூட்டத்திலிருந்து சொன்னான்: “ஏக்கா, ஒங்களுக்குத் தெரியாதா? அதைப் பாத்துத்தான நாங்க சேசம்மா கடைன்னு சொல்ல ஆரம்பிச்சோம்!”

தன் வாய்க்குப் பயந்து அப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவுக பேரு, அவுக பேரு என்று சொன்னாளே தவிர, அந்தப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், யாராவது அன்றைக்கே திருத்தியிருப்பார்கள்.

சேசம்மாள் மிச்சமிருந்த சுண்ணாம்பையும் உரித்தாள். டம்ளருக்குக் கீழே பார்த்தாள், மஞ்சள் கோட்டு ஓரத்தில் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுத் தொட்டு, “இது எழுத்தா சார்? இது?” என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் திருவேங்கடம் இல்லை என்று தலையாட்டினார்.

“ஒரு மூலையில கூடத் தம் பேரைப் போட்டுக்கிடலியே அந்த மனுசன்” என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால், பெஞ்சின் மேல் நின்றபடியே வாய்விட்டு அழுதாள்.

திருவேங்கடம் பட்டியலில் அவள் பெயரை எழுதி, எதிரே 1939 என்று போட்டார். அவருக்கு அங்கே வேறு வேலை இல்லை. ஆனாலும் அவர் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.