கூரைப் பொடி

கங்கையம்மாள் முந்தானையால் புருஷன் முகத்தை மறுபடியும் துடைத்தாள். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, அதன் கூரைத் துணியிலிருந்து மஞ்சள் நிறப் பொடி மறுபடியும் கொட்டியது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். தணிகாசலத்தை அவன் வாடகைக்கு ஓட்டிய பழைய பிளஷர் காரிலேயே, அவள் மடியில் தலைவைத்துப் படுக்கப்போட்டு, காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஓட்டுகிறவன் அவன் கூட்டாளி முனுசாமி. உயிர் இருக்கும்போதே வீடு சேர வேண்டும். வெளியில் போன உயிர் என்றால் உடம்பு வாசலோடு சரி. அவர்கள் தெருவில் வீட்டுக்குள் விடமாட்டார்கள். "என்ன நடுவூட்டுல போடுங்க" என்பது ஒன்றைத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவன் கேட்டான்.

வெயில் இறங்கக்கூடாதென்று கூரைத் துணிக்குள் ஸ்பாஞ்சு வைத்து ஒட்டியவன் அவனேதான். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் சுகமாக வரட்டுமே என்று. வருஷக்கணக்கான வெயிலிலும் ஈரத்திலும் அது மக்கி, தொட்டால் உதிர்ந்து, துணிக் கிழிசல் வழியே கொட்டத் தொடங்கியது. ஒருதரம் கல்யாணப் பெண் தலையிலேயே கொட்டியது. அப்புறம் யார் ஏறுவார்கள்? மாற்றிவிடலாம், மாற்றிவிடலாம் என்றே காலத்தை ஓட்டினான், பாவி.

சுங்குவார்சத்திரம் தாண்டியதும் அவள் கை நின்றது. மீசையில் விழுந்த பொடி இதுவரை மூச்சுக்கு மூச்சு அசைந்துகொண்டிருந்தது. இப்போது அசையவில்லை.

"இன்னாமா, எப்டி இருக்குறாரு?" முனுசாமி கண்ணாடியில் பார்த்தான்.

"தூங்கிக்கினு இருக்குறாரு. நீ ஓட்டு."

அவன் வேகத்தைக் குறைத்தான். பிறகு, "தூங்கட்டும்மா," என்றான். அதற்குமேல் ஒவ்வொரு பள்ளத்தையும் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினான்.

அவள் மீசை, இமை, காது மடல் எல்லாம் துடைத்தாள். தொங்கிய தாடையைக் கையால் தாங்கிக்கொண்டாள். அழுதால் காரியம் கெட்டது.

சாக்கடைப் பலகைமேல் ஏறி இறங்கிக் கார் வீட்டு வாசலில் நின்றது. அவளுடைய மூத்தார் ராமலிங்கம் கார்க் கதவைத் திறந்தார். நடு வீட்டில் பாய் விரித்திருந்தது காரிலிருந்தே தெரிந்தது.

"உசுரு இருக்குதா?"

"இருக்குது. உள்ள தூக்குங்க மாமா."

ராமலிங்கம் குனிந்தார். பலகை ஏறின குலுக்கலில் தம்பியின் மூக்கிலும் உதட்டிலும் பொடி விழுந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அசையவேயில்லை.

"முனுசாமி," என்றார் கடைசியில், குரல் உடைந்து. "அந்த பெஞ்ச எடுத்து வெளியில போடுபா."

உள்ளே யாரோ பாயைச் சுருட்டினார்கள். கங்கையம்மாள் முந்தானை நுனியால் புருஷன் உதட்டைத் துடைத்தாள்.