சந்தனம் பூசிய கேசட்

மார்கழி, ஓசைகளைத் தணித்துக்கொண்டு வரும் மாதம். திருமழிசையில் எஞ்சிய வயல்களின்மேல் இறங்கிய பனி, தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளையும் அதே பொறுமையோடு போர்த்தியது. நெடுஞ்சாலைப் பேருந்துகளின் இரைச்சல்கூடப் பனியில் தோய்ந்து மெலிந்தே ஊருக்குள் வந்தது. இறைவியைத் துயிலெழுப்பும் பாடல் ஒன்றுக்காகவே உலகம் வாய்மூடிக் காத்திருப்பதுபோல் ஓர் அமைதி.

அப்பாடலின் முதலடியை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் எடுத்துக்கொடுத்தவர் எல்லம்மா. சென்ற ஆடியில் தொண்டையில் நடந்த அறுவைச் சிகிச்சை அவர் உயிரைக் காத்தது, குரலைக் காக்கவில்லை. மூச்சில் கரைந்த முணுமுணுப்பே மிஞ்சியது.

"பாடாத வாய வெச்சிகினு நான் அங்க இன்னாத்துக்கு?" என்று கோயிலுக்கு வர மறுத்துவிட்டார்.

அவர் கணவர் ஜம்புலிங்கம், லேத் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். மனைவியின் குரல் இனி ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று அறிந்திருந்தார்: எல்லம்மா முதலடி எடுக்க, பஜனைப் பெண்கள் இளமையில் பாடிப் பதிவுசெய்த ஒரு கேசட். எல்லம்மா பாடிக்கொண்டிருந்தவரை அதைப் போட்டுக் கேட்கும் தேவை எழவில்லை. பூசையறையில் தெய்வப் படங்களோடு அது வீற்றிருந்தது. மார்கழி முதல்நாள் அக்குரல் கோயிலில் ஒலித்தால் அவள் வருவாள் என்று நம்பினார்.

முந்தின மாலை, டேப்ரிக்கார்டரில் இட்டுப் பொத்தானை அழுத்தினார். இரண்டு அடிகள் எழுந்தன. பின் ஒரு முனகல். நாடா அறுந்துவிட்டது.

எல்லம்மாவோடு பாடிய பக்கத்து வீட்டுப் பேபி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்தே, கேசட்டு வாயெல்லாம் சந்தனம் அப்பிகினு கீது?"

"ஆயுத பூஜைக்கு வெச்சது."

"எந்த வருசத்து ஆயுத பூஜைக்கு?"

"அல்லா வருசமும்தான்."

"நல்லா வெச்ச போ! லேத்துக்கு வெக்கிற பொட்ட எங்க அக்கா தொண்டைக்கு வெச்சிகீறியே!"

ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. பக்தியால் தாமே அடைத்த குரலைத் தாமே மீட்க வேண்டும்.

கேசட்டின் சிறு திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே, எத்தனை எளிய படைப்பு! இரு சக்கரங்கள், ஒன்று இளைக்க மற்றொன்று பருக்கும் பழுப்பு நாடா. பாட்டு எவ்வளவு கடந்தது, எவ்வளவு மீதம் என்று கண்ணுக்கே காட்டிய பொருள். எந்த இடத்தில் உடைந்தேன் என்று மறைக்காமல் சொல்லி, திருத்த முனைந்தவனின் விரலுக்கு வழிவிட்ட பொருள். கல்லாய் இறுகிய சந்தனத்தைச் சுரண்டினார். அறுந்த முனைகள் லேத் பிடித்துத் தடித்த விரல்களுக்கு அகப்படவில்லை. எல்லம்மா அருகே வந்தமர்ந்து அவற்றைப் பிடித்துக்கொண்டார். நைந்த துணுக்கை வெட்டி, பின்புறம் செல்லோடேப் ஒட்டி, பென்சிலால் சுற்றி இறுக்கினார் கணவர்.

"காலைல கோயிலுக்கு வர்றியா?"

எல்லம்மா தலையசைத்து மறுத்தார்.

விடியலுக்கு முன் கோயிலின் குழாய் ஒலிபெருக்கியில் அக்குரல் எழுந்தது. இளமையும் கணீரென்ற தெளிவும் மாறாமல், காத்திருந்த பனியை ஊடுருவித் தெருத்தெருவாய்ச் சென்றது. பேபியும் மற்றப் பெண்களும் அதைப் பின்தொடர்ந்து பாடினர். ஒட்டிய இடம் வந்தது. ஒரு சொல் இல்லை. ஜம்புலிங்கம் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆனால் பெண்கள் தயங்கவேயில்லை. எல்லம்மாவிடம் கற்ற அச்சொல்லை ஒருமித்து நிரப்பி, மேலே பாடினர்.

அவர் கண் திறந்தபோது வாசலில் எல்லம்மா நின்றிருந்தார்.

யாரும் பாட்டை நிறுத்தவில்லை. எல்லம்மா அவர்களைக் கடந்து கருவறையின் முன் சென்றார். அணையவிருந்த விளக்கின் திரியைத் தூண்டி, எண்ணெய் வார்த்து, சுடர் நிமிரும்வரை கைகுவித்துக் காத்தார். பிறகு தரையில் நெற்றி பதிய வணங்கினார்.

பாடல் முடிந்ததும், முதலடி எடுப்பவர் கையால் குங்குமம் பெறுவது அங்கே வழக்கம். பெண்கள் எல்லம்மாவின் முன்னே வந்து நின்றனர். ஒவ்வொரு நெற்றியிலும் இட்டவாறு, அருகிருப்பவர்க்கு மட்டுமே கேட்கும் மூச்சுக் குரலில் அவர் சொன்னார்:

"நல்லா இரு தாயி. உன் ஊடும் பாட்டும் நல்லா இருக்கட்டும்."