கொளஞ்சியப்பரிடம் ஒரு பிராது

திரௌபதி கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டாள் என்ற சேதி விருத்தாசலம் முழுக்கப் பரவிவிட்டது. நியாயம் கிடைக்காதவர்கள் எதிராளியின் பேரை எழுதிச் சாமி முன்னால் கட்டிவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். பேர் எழுதப்பட்டவன் அப்புறம் நிம்மதியாகத் தூங்கமாட்டான். இவள் எழுதிய பேர், காது மூக்கு டாக்டர் ஆனந்தராஜ்.

எழுதாமல் என்ன செய்வாள்? செராமிக் கம்பெனியில் கொலு பொம்மைகளுக்குக் கறுப்பு மையால் கண்ணும் முடியும் தீட்டுகிறவள். ஒரு பக்க மூக்கு அடைத்துக்கொண்டது. சீந்தினால் கறுப்பாக வந்தது, ரத்தமும் வந்தது. "கலர் தூசுதாம்மா. செராமிக்ல வேலை செய்யிற எல்லாருக்கும் வரும்" என்று டாக்டர் சிரித்தார். மூக்குக்குள் வளர்ந்திருந்த சதையை வெட்டிக் குப்பை வாளியில் போட்டார். படித்த மனுஷன் சொன்னால் வேதவாக்காச்சே! இவளும் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வருஷம் திரும்புவதற்குள் சதை மறுபடி வளர்ந்தது. புதுச்சேரியில் டாக்டரம்மா ஒரு துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். மெலனோமா. தோலில் வருகிற அந்தப் புற்றுநோய் மூக்குக்குள் வருவது ரொம்ப அபூர்வமாம். சளியில் வந்த கறுப்பு, கட்டியின் கறுப்பு.

"ஆபரேஷன் பண்ணி, ரேடியேஷன் கரண்டு வைக்கலாம். ஆனா திரும்பத் திரும்ப வர்ற நோயி இது. அஞ்சு வருஷம் தாண்டுறவங்க கொஞ்சம் பேருதாம்மா."

"அன்னிக்கே டெஸ்டுக்கு அனுப்பியிருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாது. சீக்கிரம் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

திரௌபதி ஊர் திரும்பியதும் நேராகக் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினாள்.

ஆபரேஷன் முடிந்து, கன்னம் உள்வாங்கிய முகத்தோடு வீட்டில் கிடந்தபோது ஆனந்தராஜ் ஆப்பிள் பையோடு வந்து நின்றார். மனுஷன் பாதியாக இளைத்திருந்தார்.

"தப்புதாம்மா. அதைத் தூக்கிப் போட்டிருக்கக் கூடாது. என் ஒய்ஃப் முழுகாம இருக்காங்க. பிராதை வாபஸ் வாங்கிடுங்க, உங்க கால்ல விழுறேன்."

"பழத்த எடுத்துக்குங்க சார், என்னால கடிக்க முடியாது. உங்க பொண்டாட்டி புள்ள நல்லா இருக்கட்டும். அவங்க மேல எனக்கு என்ன கோவம்?"

"அப்ப, நான் சாகணும்னு எழுதினீங்களா?"

"அய்யய்ய! அவ்ளோ சுளுவா வுட்டுடுவனா? உங்களுக்கு நூறு வயசு கேட்டிருக்கேன்." முகத்தை முழுசாக அவர் பக்கம் திருப்பினாள். "மூக்கு அடைக்குதுன்னு எவ வந்து உக்காந்தாலும் இந்த மொகம் உங்களுக்குத் தெரியணும். கடைசி வரைக்கும் தெரியணும். அதான் எழுதியிருக்கேன்."

"அம்மா..."

"கட்டுனவங்கதான் சார் அத எடுக்கணும். நான் போயிட்டா எடுக்க ஆளே கெடையாது. போயிட்டு வாங்க."