இரண்டு கைக்கும் வெளிச்சம்

மாத்தளையில் டோர்ச் வாங்குகிறவன் தன்னிடம்தான் வாங்குவான் என்று ஸுஹைல் சொல்லிக்கொள்வான். அது முழுப் பொய்யும் அல்ல. பல்லேபொலவிலிருந்தும் யட்டவத்தவிலிருந்தும் பஸ் ஏறி அவன் கடைக்கென்றே வருகிற தோட்டக்காரர்கள் உண்டு. பன்றி வந்து மரவள்ளியைக் கிளறுகிறது, முள்ளம்பன்றி தென்னங்குருத்தைத் தின்கிறது, நல்ல வெளிச்சமாக ஒன்று வேண்டும் என்பார்கள். ஸுஹைல் அவர்களைக் கடையின் பின்படிக்குக் கூட்டிப்போவான். அங்கிருந்து பார்த்தால் வயலுக்கு அப்பால் மலைச்சரிவில் ஒரு பாறை தெரியும். பொழுது சாய்கிற நேரத்தில் அந்தப் பாறையில் போய் வட்டம் விழுகிற டோர்ச் நல்ல டோர்ச். விழாதது விளையாட்டுச் சாமான். இதற்கு மேல் ஒரு சாஸ்திரம் அவனுக்குத் தேவைப்பட்டதில்லை. இருபது வருஷ வியாபாரத்தில் வாங்கிய டோர்ச்சை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததும் இல்லை.

ஆகவே கடலுக்கடியில் பிடிக்கிற டோர்ச் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டிவந்தபோது அவன் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கூடவே கடலில் இறங்கப்போகிற மனைவியிடம்கூட.

அவன் மனைவி நிஷ்மியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பட்டினத்து அச்சகம் ஒன்றில் கல்யாணக் கார்ட் வடிவமைக்கிறாள். எழுத்து ஒரு நூல் கோணினாலும் அவள் கண் கண்டுபிடித்துவிடும். நிக்காஹ்வுக்கு முந்திய ஆறு மாதத்தில் ஸுஹைல் கண்டிக்குப் போய்ச் சைகை மொழி படித்தான். அவன் வாழ்க்கையில் செய்த மிக உருப்படியான காரியம் அதுதான். அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் கையால்தான் பேசுவார்கள், கையால்தான் சண்டை பிடிப்பார்கள். வெளியாட்களோடுதான் கரைச்சல். அவளை நேரே பார்த்துப் பேசமாட்டார்கள். பக்கத்தில் நிற்கிற அவனிடம், அவளுக்குத் தேத்தண்ணி வேண்டுமா கேளுங்கள் என்பார்கள். உதடு பார்த்தே பாதியை விளங்கிக்கொள்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று சொல்லத் தேவையில்லை.

போன ஓகஸ்டில் இரண்டு பேரும் திருகோணமலையில் சுழியோடப் படித்தார்கள். கற்பித்தவன் கிஷாந்த் என்ற இளைஞன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, வாயில் குழாயைக் கவ்வித் தண்ணீருக்குள் இறங்கியதும் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எல்லோருடைய வாயும் அடைபட்டுப் போயிற்று. வகுப்பில் இருந்த மற்ற ஆறு பேரும் பத்துப் பன்னிரண்டு சைகையை மனப்பாடம் செய்துகொண்டு, சரி, சரியில்லை, மேலே போவோம் என்று தடுமாறினார்கள். இவர்கள் இரண்டு பேரும் போன மாதக் கல்யாணத்தில் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்ட சஹன் சாப்பாட்டில் உப்புக் கூடிப்போனது வரைக்கும் பேசிவிட்டு ஆறுதலாக மேலே வந்தார்கள். பெண்சாதியைப் பற்றி ஸுஹைலுக்கு எப்போதும் பெருமைதான், ஆனால் அன்றைக்கு அது தலைக்கே ஏறிவிட்டது. கரைக்கு வந்ததும் கண்டவர் நின்றவர் எல்லோரிடமும் சொன்னான்.

அடுத்து வந்தது மாலைதீவு. நிஷ்மியாவின் தம்பி நிஸ்தாருக்கு அங்கே சுழியோடிகளின் படகில் வேலை. டிசம்பர் விடுமுறைக்கு வாருங்கள், இருட்டிய பிறகு ஒரு நாள் இறக்கிவிடுகிறோம், மீன்கள் தூங்குகிறதைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தான். நிஷ்மியாவுக்கு அன்று முழுக்க அதே பேச்சு. நாலாம் நாள் நிஸ்தாரிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. காது கேட்காதவர்களை இருட்டில் இறக்குவதென்றால், இருட்டுக்குள்ளும் துணையோடு ஒழுங்காகப் பேசிக்கொள்வார்கள் என்று கற்பித்தவரின் கடிதம் வேண்டுமாம். இல்லாவிட்டால் ஸுஹைல் இறங்கலாம். தாத்தா, அதாவது அவனுடைய அக்கா, படகில் இருக்க வேண்டும்.

நிஷ்மியா அதை இரண்டு தரம் வாசித்தாள். மற்றவர்கள் போய்வரும் வரைக்கும் ஓரமாக உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடச் சுற்றுலாவிலிருந்து அவள் அதைத்தான் செய்திருக்கிறாள். இந்தத் தடவை மாட்டேன் என்று கையால் வெட்டிச் சொன்னாள்.

கிஷாந்த் ஒரு வெள்ளிக்கிழமை கண்டிக்குப் போகிற வழியில் மாத்தளையில் இறங்கிப் பரீட்சித்துப் பார்ப்பதாகச் சொன்னான். அலுவிகாரையில் ஸுஹைலின் வாடிக்கைக்காரர் ஒருவருக்கு விருந்தினர் விடுதி இருந்தது, அதில் எட்டடி ஆழத்துக்கு நீச்சல் தடாகமும் இருந்தது. மஃரிப் தொழுகை முடிந்து பொழுது இருட்டிய பிறகு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டால் அதுவும் ஒரு சின்ன இருட்டுக் கடல்தான். இனி வேண்டியது டோர்ச் மட்டும்.

ஸுஹைல் கொழும்பிலிருந்து இரண்டு பெரிய டோர்ச் எடுப்பித்தான். முழங்கை நீளம், துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு பிடி, ஊசி போல நேரே போகிற ஒளி. பின்படியில் நின்று அடித்துப் பார்த்தான். பாறை என்ன, பாறைக்கு மேலே நின்ற கித்துள் மரத்தின் ஓலையே தெரிந்தது. பெரியது பழுதானால் உதவிக்கு இருக்கட்டும் என்று பெருவிரல் அளவில் இரண்டு சின்ன டோர்ச்சும் வந்திருந்தன. அவற்றின் ஒளி விரிந்து பரவியது, முற்றத்து மாமரத்தைக்கூட எட்டவில்லை. ஸுஹைல் அவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் திரும்பப் போட்டுவிட்டான்.

பெரிய டோர்ச்சை மனைவிக்குக் காட்டுவதற்குக் கடையின் பின்னறைக்குக் கூட்டிப்போனான். ஜன்னல் இல்லாத அறை; கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ஸுஹைல் மாப்பிள்ளை போல நின்று டோர்ச்சை அமுக்கினான். நிஷ்மியா சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவன் அணைத்துவிட்டு மேல் பல்பைப் போட்டதும், கண்ணைக் கசக்கிக்கொண்டு கையால் கேட்டாள்.

“இத பன்றிக்கு வாங்கினீங்களா, எனக்கு வாங்கினீங்களா?”

ஸுஹைல் சிரிக்கவில்லை. டோர்ச்சைப் பகிடி பண்ணினால் அவனுக்குப் பிடிக்காது. நிஷ்மியா விடவும் இல்லை. பல்பை அணைக்கச் சொன்னாள், அவன் கையில் டோர்ச்சைக் கொடுத்து, காலையில் கடைக்கு யார் வந்தார்கள் என்று சொல்லச் சொன்னாள். வலக்கை டோர்ச்சைப் பிடித்திருந்ததால் அவன் இடக்கையால் மட்டும் சொல்லிப் பார்த்தான். பாதிப் பாதியாக வந்தது. ஒளி அவள் பக்கம் போனதே தவிர அவன் கை இருட்டிலேயே இருந்தது. கையின் மேல் திருப்பினால் அது வெள்ளைத் துண்டு போல மின்னியது. விரல் எது, மடிப்பு எது என்று தெரியவில்லை. சொன்னது யட்டவத்த பியதாஸவா, பால்காரனா என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

நிஷ்மியா பெட்டியைக் கிளறிச் சின்ன டோர்ச்சை எடுத்தாள். அதைத் தன் தோளுக்குக் கீழே சட்டையில் குத்தி, ஒளி கீழ்நோக்கி விழும்படி சாய்த்தாள். நெஞ்சுக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு மெல்லிய வெளிச்சம் பரவியது. அதற்குள் அவளுடைய இரண்டு கையும் பத்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. பெரியது மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கட்டும், எதையாவது தேடும்போது எடுக்கலாம், பேசுவதற்கு இதுதான் என்றாள்.

“கையில டோர்ச் இருந்தா, எனக்கு வாயில துணி திணிச்ச மாதிரி” என்றாள்.

இவ்வளவு விளக்கமாகச் சொன்னால் யாருக்கும் புரியும். ஸுஹைலுக்கும் புரிந்தது. ஆனால் புரிவது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. மாமரத்தை எட்டாத டோர்ச்சை நெஞ்சில் குத்திக்கொண்டு அவன் எப்படி நாலு பேர் முன்னால் நிற்பது? கிஷாந்திடம் கேட்போம், அவன்தானே தொழில் தெரிந்தவன் என்று தப்பித்துக்கொண்டான். தொலைபேசியில் கிஷாந்த், பெரிய டோர்ச் கையில், சின்னது உதவிக்குப் பைக்குள்ளே, அதுதான் முறை என்றான். ஸுஹைலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நிஷ்மியா சின்ன டோர்ச் இரண்டையும் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கிஷாந்த் வேனில் சிலிண்டர்களோடு வந்து இறங்கினான். பெரிய டோர்ச்சைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்து, நல்ல சாமான் நானா என்று அண்ணன் முறை சொல்லிப் பாராட்டினான். ஸுஹைலுக்கு நெஞ்சு அரை அங்குலம் அகன்றது. விடுதிக்காரர் விளக்குகளை அணைத்தார்.

பரீட்சை இதுதான். தண்ணீருக்கடியில் கிஷாந்த் ஒரு பலகையில் மூன்று வசனம் எழுதி நிஷ்மியாவுக்கு மட்டும் காட்டுவான். அவள் பத்தடி தள்ளி நிற்கும் ஸுஹைலுக்கு அதைச் சொல்ல வேண்டும்; விளங்காவிட்டால் அவன் திருப்பிக் கேட்கலாம். பிறகு ஸுஹைல் மேலே வந்து, விளங்கியதை வாயால் சொல்ல வேண்டும்.

முதல் தரம் என்ன நடந்தது என்பதை ஸுஹைல் இன்றைக்கும் விரும்பிச் சொல்வதில்லை. அவள் ஒற்றைக் கையால் ஏதோ சொன்னாள். விளங்கவில்லை, திரும்பச் சொல் என்று கேட்பதற்காக அவன் டோர்ச்சை உயர்த்தினான். ஒளி நேரே அவள் கண்ணில் போய்க் குத்தியது. அவள் தலையைத் திருப்பினாள். அவன் பதறி டோர்ச்சைக் கீழே இறக்கினான். இப்போது அவளையே காணவில்லை. இருட்டில் இரண்டு ஊசி வெளிச்சம் மட்டும் குறுக்கும் நெடுக்கும் அலைந்தது. கல்யாணமான பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சு அறுந்துபோயிற்று. கிஷாந்த் இரண்டு பேரையும் மேலே கூட்டிவந்ததும் விடுதிக்காரர் விளக்கைப் போட்டார்.

முகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிஷாந்த் ஸுஹைலைப் பார்த்துத்தான் பேசினான்.

“கோவிக்காதீங்க நானா. பகல்ல அவங்க கெட்டிக்காரி, நானே சொல்வன். இருட்டுல ஏலாது போல இருக்கு. நீங்க இறங்குங்க, அவங்க படகுல இருக்கட்டும்.”

நிஷ்மியா அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்துவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. தடாகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஸுஹைலைப் பார்த்தாள். இனி நீங்கள் சொல்ல வேண்டியது என்று அந்தப் பார்வை சொன்னது. டோர்ச் வியாபாரி ஸுஹைல் தன் கையிலிருந்த பெரிய டோர்ச்சைப் பார்த்தான். விடுதிக்காரரும் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் பாறையில் வட்டம் பார்த்து டோர்ச் வாங்கியவர்.

“அவ மேல பிழை இல்ல தம்பி” என்றான் ஸுஹைல். “பிழையான லைட்டத் தெரிவு செஞ்சது நான். அவ சரியானத அண்டைக்கே காட்டினா, நான்தான் கேக்கல்ல. இன்னொருக்காப் பாருங்க.”

சொல்லி முடித்ததும் அதையே கையாலும் அவளுக்குச் சொன்னான், ஒரு சொல்லும் குறைக்காமல். நிஷ்மியா உடனே கரையிலிருந்த பையை எட்டி இழுத்தாள். சின்ன டோர்ச்சில் ஒன்றைத் தன் தோள் பட்டியில் குத்தினாள், மற்றதை அவன் தோளில் குத்திச் சாய்த்துவிட்டாள். பெரியவை இரண்டும் மணிக்கட்டில் தொங்கின. கிஷாந்த் பழைய எழுத்தை அழித்துப் புதிதாக எழுதிக்கொண்டான்.

விளக்குகளை அணைக்கச் சொல்லி மறுபடியும் இருட்டுக்குள் இறங்கினார்கள். ஸுஹைல் பத்தடி தள்ளித் திரும்பிப் பார்த்தான். தண்ணீருக்கு நடுவில் ஒரு பாய் அகல வெளிச்சம். அதற்குள் அவள் கைகள். வீட்டுக் குசினியில் நின்று பேசுவது போல அவள் பேசினாள். அவன் ஓர் இடத்தில் நிறுத்திக் கேட்டான்; அவள் திரும்பச் சொன்னாள். பிறகு, பலகையைக் காட்டிவிட்டு அவள் வெளிச்சத்தைக் கடந்து போய் அவனுக்குப் பின்னால் நின்ற கிஷாந்தை எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சொன்னாள். கிஷாந்த் ஒரு கையில் டோர்ச்சையும் மறு கையில் பலகையையும் பிடித்தபடி அவளையும் இவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இருந்த மூன்று பேரில் ஒன்றும் விளங்காதவன் அவன் ஒருவன்தான்.

ஸுஹைல் மேலே வந்து, வாய்க் குழாயைத் துப்பிவிட்டுச் சொன்னான். “இடது காலுல நரம்பு இழுத்துக்கிச்சு. மெதுவாப் போவம். கயிறு இருக்கிற பக்கமாத் திரும்புவம். சரியா?”

சொல்லுக்குச் சொல் சரி என்றான் கிஷாந்த்.

“இன்னொண்டும் சொன்னா” என்றான் ஸுஹைல். “உங்கட தலைக்குப் பின்னால, சிலிண்டர்ல குழாய் பூட்டுற இடத்துல காத்து கசியுதாம். ஊசி ஊசியாக் காத்து முட்டை வருதாம். இனிக் கடல்ல இறங்க முந்தி அதப் பாக்கட்டாம்.”

கிஷாந்த் சிரித்தான். வரும்போது தானே பூட்டியது, அப்படி இருக்காது என்றான். ஆனாலும் விளக்கைப் போடச் சொல்லிவிட்டுக் கரையேறி, சிலிண்டரை முதுகிலிருந்து இறக்கிப் பூட்டுவாயைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தான். தையல் ஊசி முனை அளவில், ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றுக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அவன் சிலிண்டரை மூடி ஓரமாக வைத்தான். பிறகு நிஷ்மியாவுக்கு நேரே போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, உதடு தெரிய நிறுத்தி நிறுத்தி நன்றி சொன்னான்.

வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினான். இருட்டில் சோடியாக இறங்குகிறபோது யாராவது ஒருவர் முன்னால் போக வேண்டும். அவர் திரும்பும்படி சொன்னால் மற்றவர் திரும்ப வேண்டும். அவர் பெயரையும் கடிதத்தில் எழுத வேண்டியிருந்தது. கிஷாந்த் பேனையைப் பிடித்துக்கொண்டு, “உங்கட பேரப் போடவா நானா?” என்று கேட்டான்.

“இல்ல தம்பி” என்றான் ஸுஹைல். “அவட பேரப் போடுங்க.”

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த நிஷ்மியா அதை அவன் உதட்டிலிருந்து வாசித்துவிட்டாள். துவாயை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். கிஷாந்த் எழுதி முடித்துக் கடிதத்தை நீட்டியபோது வாங்கியது அவள்தான். ஸுஹைல் அவள் தோளுக்கு மேலால் எட்டி, முன்னால் போகிறவர் நிஷ்மியா ஸுஹைல் என்று எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாக வாசித்தான். கடைப் பலகையில் மூன்று மொழியில் தன் பெயர் ஏறிய நாளில்கூட அவன் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.