முதுகுக்குப் பின்னால் ஜெயித்த அணி

பத்திரிகைக்காரப் பெண் வந்து கேட்ட ஒரே கேள்வியில் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

"நாரைகள் அணியோட வரலாத்துல உங்களால மறக்கவே முடியாத தருணம் எது, டோரியுமி சார்?"

நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் பேஸ்பால் அணி மினாட்டோ நாரைகளை விற்றாயிற்று. வாங்கிய கம்பெனி அணியை வடக்கே வேறு ஊருக்குக் கொண்டுபோகிறது, பெயரையும் மாற்றுகிறது. வரும் ஞாயிறு மதியம் கடைசி ஆட்டம். வலது பக்கக் காலரியில் ரசிகர் படைக்கு, அணி பிறந்த நாள் முதல் இருபத்தெட்டு வருடமாக நான்தான் தலைவன். என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பாள்?

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அடக்கம் என்று நினைத்துச் சிரித்தாள். அடக்கமாவது மண்ணாவது! எங்கள் ஆள் மட்டையோடு வந்து நின்றால் நான் மேடையில் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விசில் ஊதி, வெள்ளைக் கையுறை போட்ட கைகளை வீசி, காலரி முழுவதையும் பாட வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒரு பாட்டு. தலைவன் கழுத்தைத் திருப்பினால் போச்சு. மேளம் ஒரு பக்கம் இழுக்கும், டிரம்பெட் இன்னொரு பக்கம் இழுக்கும்.

எதிரணி மட்டை பிடிக்கும்போது நாங்கள் பாடுவதில்லை. அப்போதுதான் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பேன். அதாவது, எதிராளிகள் எங்களை வெளுத்து வாங்கியதை எல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறேன். எங்கள் பையன்கள் அடித்த ஓர் அடியைக்கூடப் பார்த்ததில்லை. நாங்கள் வாங்கிய ஒரே கோப்பையும் கடைசிப் பந்தை மைதானச் சுவருக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னால் வந்தது. ஊரே அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கும். நான் பார்த்தது, பல் டாக்டர் பார்ப்பதுபோல வரிசை வரிசையாகத் திறந்த வாய்களைத்தான்.

இதையெல்லாம் சொன்னதும், "அதான் டி.வி.ல திரும்பத் திரும்பப் போட்டாங்களே சார்?" என்றாள்.

"ராமென் நூடுல்ஸைக் குடுக்காம அதோட போட்டோவை நீட்டினா உனக்குப் பசி அடங்குமா?"

அவள் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டாள். எனக்கோ அன்றைக்குப் பிறகு தூக்கமே சரியில்லை. வேறு ஊருக்குப் போய் வேறு பெயரில் ஆடுகிற பயல்களை எவன் பார்ப்பான்? இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் என் ஜென்மத்தில் நாரைகள் அடித்த அடியைப் பார்க்காமலே சாக வேண்டியதுதான்.

சனிக்கிழமை படை கூடியபோது சொல்லிவிட்டேன். "நாளைக்குக் கடைசி இன்னிங்ஸ் நான் உட்காரப் போறேன். ஒரே ஒரு அடி. அதை என் கண்ணால பாக்கணும்."

மேளக்காரன் குவாபாரா பள்ளிக்கூடத்திலிருந்து என் உயிரை வாங்குகிறவன். "டேய், நம்ம பசங்க இருக்கற லட்சணத்துக்கு நீ பாக்கப்போறது மூணு அவுட்டுதான். அதுக்கு உன் முதுகே பாத்துக்கும்."

"நீ உன் மேளத்தை மட்டும் பாருடா."

டிரம்பெட் ஊதும் மிசுசாவா, படையில் எனக்கு அடுத்தபடியாக இருப்பவள், "கையுறையை எங்கிட்ட குடுங்க தலைவரே. நான் நடத்தறேன்" என்றாள்.

என் மனைவி சுமியே எப்போதும் முதல் வரிசையில், மேடைக்கு நேர் எதிரே உட்காருவாள். "என் பக்கத்துல வந்து உக்காருங்க. அந்தப் பக்கம் மூங்கில் குருத்துக் குழம்பு டப்பாவை வெச்சு இடம் புடிச்சு வெக்கறேன்" என்றாள்.

ஞாயிறு. கடைசி இன்னிங்ஸ். எங்களுக்கு மூன்று ரன், அவர்களுக்கு நான்கு. கையுறையையும் விசிலையும் மிசுசாவாவிடம் கொடுத்துவிட்டு டப்பாவைத் தள்ளி உட்கார்ந்தேன். எதிரே பச்சைப் பசேல் என்று மைதானம். இவ்வளவு பெரியதா இது!

முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆளும் அவுட். இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் முடிந்தது.

"சொன்னேன்ல!" என்று மேலேயிருந்து குவாபாரா கத்தினான்.

அடுத்தவனுக்குப் பந்து வீசியவன் தாறுமாறாக நாலு பந்து போட்டதில், அவன் மட்டையை அசைக்காமலே ஓட்டத்தின் முதல் கட்டமான ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்துபோனான். பிறகு வந்தான் அராமாகி. வருடம் முழுவதும் காற்றை அடித்தவன். பாட்டு ஆரம்பித்தது. மிசுசாவா அவசரப்படுகிறாள்; ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி.

"மெதுவா! மெதுவா!" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன்.

சுமியே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அங்க என்ன பார்வை? மைதானத்தைப் பாருங்கன்னா!"

அதற்குள் ஒரு பந்து போய்விட்டது. இரண்டாவது பந்தைப் பார்த்தேன். அராமாகி வழக்கம்போலக் காற்றை அடித்தான். மூன்றாவது பந்துக்கு முட்டி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

டக்.

நல்ல சத்தம். எத்தனை வருடமாகக் காதுக்குப் பழக்கமான சத்தம்! அந்தச் சத்தம் கேட்டால் ஜனங்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கழுத்து படித்த படிப்பு. பாழாய்ப்போன கழுத்து என்னைக் கேட்காமலே திரும்பிவிட்டது. பக்கத்தில் சுமியேயின் முகம். அவள் பந்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? பந்து! பந்து!"

திரும்பினேன். பந்தைக் காணவில்லை. அது எங்கள் தலைக்கு மேலே போய்க் காலரியின் கடைசி வரிசையில் விழுந்திருந்தது. பின்னால் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். முன்னே நடந்துபோனவனும் அராமாகியும் சேர்ந்து இரண்டு ரன்; ஐந்துக்கு நான்கு. நாரைகளின் கடைசிப் பந்து, 'போய் வருகிறோம்' என்று ஆட்டத்தையே முடித்துவைக்கிற சயோனாரா ஹோம் ரன்.

"பாத்தீங்களா?"

"இல்ல. நீ?"

"நீங்க அதைப் பாக்கறப்போ உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு பாத்துட்டிருந்தேன்." கோபத்தில் என்னை முழங்கையால் இடித்தாள். "நான் ஒண்ணைக்கூட விட்டதில்ல, தெரியுமா? இன்னிக்குப் போய் விட்டேனே! இந்த மூஞ்சிக்காக!"

எனக்கு அழுகையா ஆத்திரமா என்றே புரியவில்லை. முன்னாலிருந்த கம்பியை ஓங்கி உதைத்தேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

அதற்குள் மிசுசாவா ஓடிவந்து கையுறையை நீட்டினாள். "தலைவரே, அணிப் பாட்டு. எல்லாரும் உங்களுக்காக நிக்கறாங்க."

"நீயே நடத்து."

"இது கடைசிப் பாட்டு. நான் மாட்டேன்."

காலரி முழுவதும் எழுந்து நின்று என்னைப் பார்த்தது. வேறு வழி? மேடையில் ஏறினேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டினேன். கையை உயர்த்தியதும் பாட்டு எழுந்தது. என் பின்னால் ஏதோ நடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. ஏனென்றால் எல்லார் வாயும் பாட, எல்லார் கண்ணும் என்னைத் தாண்டிப் போயின.

சுமியே முதல் வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்கு மேலே கத்தினாள். "நம்ம பசங்க வரிசையா வந்து நிக்கறாங்க! எல்லாரும் தொப்பியைக் கழட்டிட்டாங்க! அராமாகி அழறான்!"

நான் கையை வீசினேன்.

"குனிஞ்சு கும்பிடறாங்க! நம்மளத்தாங்க!"

பாட்டு முடியும் இடம் வந்தது. கையை இறக்கினால் நின்றுவிடும். "நிமிர்ந்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல" என்றாள்.

பாட்டை முதல் அடியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிக் கை காட்டினேன்.