உப்பில்லாத தினைக்கஞ்சி

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. என்ன பிடிக்குதோ குடுங்க, சாப்பிடட்டும்" என்றார் டாக்டர். சீனாவின் ஷான்ஷி பக்கத்தில் எந்த டாக்டரும் இதற்கு மேல் சொல்லமாட்டார். கேட்பவர்களும் இதற்கு மேல் கேட்கமாட்டார்கள். யுன்ஷியா சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

பெஞ்சில் அவள் புருஷன் பாவ்திங் குல்லாயைத் திருகிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், இப்போது எழுந்திருக்கவே ஒரு கை வேண்டும்.

"என்னவாம்?"

"என்னவாம்! உப்பும் கொழுப்பும் கிட்டவே வரக்கூடாதாம். தினைக்கஞ்சிதானாம். உன் வாய்க்குப் பூட்டுப் போடச் சொன்னாரு."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்பாடா! எங்கப்பாவுக்கு 'பிடிச்சதக் குடுங்க'ன்னுட்டாங்க. பன்றிக்கறி சமைச்சுப் போட்டோம். ஒன்பதாம் நாள் கிளம்பிட்டாரு."

அந்த ஊரில் யாரும் சாவதில்லை. கிளம்புவார்கள், இல்லாமல் போவார்கள், நூறு வயதை முடித்துக்கொள்வார்கள். இத்தனை பதமாகப் பேசி என்ன புண்ணியம், யாராவது ஒரு நாள் கூடுதலாக இருந்தார்களா என்று யுன்ஷியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன்பின் தினமும் அதே கூத்துதான். "ஒரு துண்டு கறி" என்பார் அவர்.

"யோவ் கிழவா, கறி கேக்குதா உனக்கு? டாக்டர் என்னைத்தான் வைவாரு. குடி கஞ்சிய!"

அவர் சிரித்துக்கொண்டே குடிப்பார். வசவு விழ விழ நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் உடம்பு மட்டும் நாளுக்கு நாள் கரைந்தது.

பதினேழாம் நாள் மதியம் பாதிக் கஞ்சி வாயோரம் வழிந்தது. "ஒரே ஒரு துண்டுடி" என்றார். அவளால் தாங்க முடியவில்லை. பதினேழு நாளாகக் கறியே காணாத நாக்கு. சப்பென்ற வாயோடு அனுப்பிவைத்தால் அது என்ன பாவத்தில் சேரும்? சந்தைக்கு ஓடினாள். கொழுப்புள்ள கறியாக வாங்கி, சோயா சாஸும் அன்னாசிப்பூவும் போட்டு இரண்டு மணி நேரம் வேகவைத்து, கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

பாவ்திங் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஏன் திட்டல?"

"சும்மாதான்யா. ஒரு நாள் சாப்பிட்டா என்ன..."

சாப்பிடக் கையில் எடுத்த குச்சிகளை அவர் கீழே வைத்தார். கிண்ணத்தை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

"கஞ்சியே குடு. உப்பு போடாத." குரல் கெஞ்சியது. "கொஞ்சம் திட்டிட்டுக் குடு."

யுன்ஷியா வாயைத் திறந்தாள். ஒரு வசவும் வரவில்லை.