நாலு சுற்றுத் திருகு

காலை ஆறரைக்கே அருள்புரத்துக் கம்பெனியில் அயர்ன் மேசைகள் சூடேறிவிட்டன. பனியனை விரி, இஸ்திரிப் பெட்டியை ஓட்டு, ஆவியை விடு, மடி, தள்ளு. அடுத்தது. எட்டுப் பேரின் முதுகும் கால் மணி நேரத்தில் நனைந்துவிட்டது. மூலையில் கரண்டு பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது.

எலெக்ட்ரீசியன் அருள்செல்வனின் கண் பாய்லருக்கு மேலிருந்த சிவப்பு விளக்கையே சுற்றிச் சுற்றி வந்தது. நான்கு நாளாக அது எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

விளக்குக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதற்குள் உள்ளங்கையில் பாதி அளவு எலெக்ட்ரானிக் கார்டு. பாய்லரில் அழுத்தம் ஏற ஏற, சென்சாரிலிருந்து வரும் வோல்டேஜும் ஏறும். கார்டிலுள்ள நுணுக்குத் திருகைத் திருப்பி ஒரு வோல்டேஜை அளவாக வைத்துவிட்டால், வருவதையும் வைத்ததையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வருவது தாண்டிய நொடியில் ரிலே சுவிட்ச் டக்கென்று இழுக்கும். ஹீட்டர் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும். அழுத்தம் இறங்கியதும் ரிலே விடும், ஹீட்டர் மறுபடி ஓடும்.

விளக்கு எரிந்தால் இஸ்திரிப் பெட்டி ஆறும், பீஸ் குறையும், கூலியும் குறையும். "அந்த லைட்டச் சித்த சும்மா இருக்கச் சொல்லு அருளு" என்று எட்டுப் பேரில் மூத்தவள் பழனாத்தாளே கேட்டாள். "ஷிப்மெண்ட் முடியட்டும் கண்ணு, திருகை ஏத்தி வை" என்றார் முதலாளி மகுடேஸ்வரன். நான்கு நாளுக்கு முன் அவன் நாலு சுற்று ஏற்றினான்; அதன்பிறகு ரிலே இழுக்கவே இல்லை. திருகு நகராமலிருக்க வழக்கம்போல ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தான். அயர்ன் மேசை நிர்மலாவிடம் இரவல் வாங்கிய ஊதாப் பூச்சு.

ஏழு மணிக்கு ஆவிக் குழாய் வெடித்தது. மிஞ்சிய ஆவியை வெளியே விட வேண்டிய சேஃப்டி வால்வு, உப்புத்தண்ணியில் இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. அருள்செல்வன் ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் பழனாத்தாளின் வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றும்போது, "என்ற பெட்டிய நிறுத்திட்டீங்களா" என்றுதான் அவள் கேட்டாள்.

ஒன்பது மணிக்கு மகுடேஸ்வரன் வந்தார். குரலில் தேன் வழிந்தது.

"பதினொன்னுக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாராம். திருகைப் பழையபடி வெச்சுரு கண்ணு. பூச்சையும் சொரண்டிரு. அந்தம்மா குழாய மிதிச்சுட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

"மிதிக்கலீங்க."

"உன்ற கைதான திருப்புச்சு? கேஸுன்னு வந்தா உன்னையக் கேப்பாங்களா, என்னையக் கேப்பாங்களா?"

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கார்டுப் பெட்டியைத் திறந்தான். பயந்தான், பயப்படாமல் என்ன செய்வான்? நாலு சுற்று, அரை நிமிட வேலை. அதோடு பழி பழனாத்தாள் தலையில் விழும். கம்பெனி காசு தராது, ஆஸ்பத்திரிக்குக்கூட அவள் தனியாகத்தான் அலைய வேண்டும்.

ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்தான்.

"நாந்தானுங்க திருப்புனேன். நீங்க சொல்லித் திருப்புனேன். இன்ஸ்பெக்டருகிட்டயும் அதையேதானுங்க சொல்லுவேன்."

"உள்ள போயிருவடா." தேன் வற்றிவிட்டது.

நிர்மலா முன்னால் வந்தாள். "அந்தப் பூச்சு என்றதுங்க. லைட்டு எரிய வேண்டாம்னு நானுந்தானுங்க கேட்டேன்."

"மொதல்ல கேட்டது நாந்தான். எம்பேரையும் எழுதிக்கிடட்டும்" என்றார் தெற்கேயிருந்து பிழைக்க வந்த கடைசி மேசை ராமர்.

"அப்ப அத்தன பேரும் ஊட்டுக்குப் போங்க. வேற ஆள வெச்சுத் திருப்பிக்கறேன்."

"போகலீங்க" என்றாள் நிர்மலா. "இன்ஸ்பெக்டர் வந்து அந்தப் பூச்சப் பாக்கற வரைக்கும் கார்ட ஆரும் தொட வேண்டாங்க. வால்வு மாத்தி, லைட்டு எரியறதக் கண்ணுல பாத்துட்டுத்தானுங்க பெட்டியத் தொடுவோம்."

ஏழு பேரும் எழுந்து வந்து கார்டுப் பெட்டிக்கு முன்னால் அருள்செல்வனோடு நின்றார்கள். பழனாத்தாளின் மேசையில் பாதி மடித்த பனியன் கிடந்தது. நாளைக்கு வேலை இருக்குமா, இன்ஸ்பெக்டர் யார் பக்கம் பேசுவார், ராத்திரி அவன் ஸ்டேஷனில் கிடப்பானா, ஒன்றும் தெரியாது.

மகுடேஸ்வரன் தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். ஒருவரும் விலகவில்லை. அருள்செல்வன் பெட்டியின் மூடியைச் சாத்தி, கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டான்.